இருதயசாமிக்கு எழுதின அறிமுகவுரை

கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார். இந்தக் கேடயத்தை உங்க மடியில வெச்சுக்க முடியுமா? கண்ணாடி, கீழ வெச்சா குலுங்கி உடைஞ்சிடும். உடைஞ்சா உடையட்டும்னுதான் எனக்கு இருக்கு. இருந்தாலும் பேர் பொறிச்சிருக்காங்க பாருங்க, பேராசிரியர் தணிகாசலம், வாழ்நாள் சாதனையாளர்னு. பேர் போட்ட பொருளை எங்க கொண்டுபோய் எறியறது.

திருச்சிக்கா? ஓ, முசிறியா. என்ன வேலை பாக்கறீங்க? கோழிப்பண்ணையா. அதான் வாசம். பரவால்ல, பரவால்ல, நான் ஜன்னலைத் தொறந்துக்கறேன். இன்னிக்குக் காலையிலேர்ந்து நான் முகர்ந்துட்டு வர்ற நாத்தத்துக்கு இதெல்லாம் சந்தனம்.

என்னைப் பாத்தா பஸ்ல போற ஆள் மாதிரியா இருக்கு? காலையில என் வீட்டு வாசல்ல வெள்ளைக் கார் வந்து நின்னுச்சு. டிரைவர் இறங்கி வந்து கதவைத் தொறந்துவிட்டான், வழியில எனக்கு இளநீர் வாங்கிக் குடுத்தான். இப்பப் பாருங்க, பொன்னாடையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, பழத்தட்டையும் தூக்கிக்கிட்டு, ரோட்டோரம் நின்னு கையைக் காட்டி ஏறியிருக்கேன். பல்கலைக்கழகத்துல நிதியியல் துறை சீனியர் பேராசிரியர் சார் நான்.

பேச்சு நடுவுல ஒரு போன் வரும், தப்பா நினைச்சுக்காதீங்க. இன்னிக்கு நான் பேசப்போன காலேஜோட தாளாளர்தான். ஒரு பொண்ணு, அங்க உதவிப் பேராசிரியரா இருக்கா, ரேணுகாதேவின்னு பேரு. அவளை வேலையில வெச்சுக்கறதா, வீட்டுக்கு அனுப்பறதான்னு நான் சொல்லணும். கிளம்பும்போது தாளாளர் என்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? "முசிறி தாண்டறதுக்குள்ள ஒரு தடவை கூப்பிடுவேன் சார். நீங்க போனை எடுக்கலைன்னா, போனாப் போகுதுன்னு விட்டுட்டீங்கன்னு எடுத்துக்கறேன். எடுத்து ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா இன்னிக்கே ஆர்டர் அடிச்சுடறேன்." இவ்வளவுதான். நான் பேசாம இருந்தா அவளுக்கு வேலை இருக்கும். நீங்க எனக்கும் வேண்டியவர் இல்ல, அவளுக்கும் வேண்டியவர் இல்ல. முழுசாக் கேட்டுட்டு நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க.

செமினார்னு கேள்விப்பட்டிருப்பீங்க. கருத்தரங்கு. மலேசியாவுலேர்ந்து ஒருத்தர் கம்ப்யூட்டர் திரையில வந்து தலையைக் காட்டிட்டுப் போனார், அதனால பன்னாட்டுக் கருத்தரங்கு. நான்தான் சிறப்பு விருந்தினர். அதுல அறிமுகவுரைன்னு ஒண்ணு உண்டு. நாம மேடையில உக்காந்திருப்போம், யாராவது ஒரு டீச்சர் மைக்ல நின்னு நாம படிச்சதுலேர்ந்து ஆரம்பிச்சு வாசிப்பாங்க. எத்தனை ஆய்வுக் கட்டுரை, எத்தனை வெளிநாடு, எத்தனை பேருக்கு முனைவர் பட்டம் வாங்கிக் குடுத்தோம், எல்லாம் வரும். நாம தலையைக் குனிஞ்சுக்கிட்டு, இதெல்லாம் எனக்கெதுக்குங்கற மாதிரி மூஞ்சியை வெச்சுக்கணும். எல்லாருக்கும் அது வராது, எனக்கு நல்லா வரும். வாசிக்க வேண்டியதை நாமளேதான் எழுதி அனுப்பணும். நான் நாலு பக்கம் அனுப்பியிருந்தேன்.

அந்தக் காலேஜ்ல என்ன வழக்கம்னா, போன வருஷ செமினார் காகிதத்தை எல்லாம் எடுத்து, தேதியை மாத்தி, பேரை மாத்தி இந்த வருஷம் ஓட்டிடறது. வரவேற்புரை, நன்றியுரை எல்லாமே அப்படித்தான். அதைத் தப்புன்னு சொல்லமாட்டேன், எங்க டிபார்ட்மெண்ட்லயும் அப்படித்தான் நடக்குது. ஆனா அறிமுகவுரையையுமா சார் அப்படிப் பண்றது? மேல இருந்த பேரை மட்டும் தணிகாசலம்னு மாத்தியிருக்காங்க. அதுக்குக் கீழ இருந்ததெல்லாம் போன வருஷம் வந்தவனோட வாழ்க்கை. அந்தக் காகிதத்தை மேடை ஏறும்போது ஆபீஸ்காரன் ரேணுகா கையில திணிச்சிருக்கான், அவ அப்படியே வாசிக்க ஆரம்பிச்சுட்டா.

போன வருஷம் வந்தவன் இருதயசாமி. அவனும் நானும் ஒரே காலேஜ், ஒரே ஹாஸ்டல், ஒரே பேராசிரியர்கிட்ட ஆராய்ச்சி பண்ணினவங்க. நாலு மாசம் முன்னாடி செத்துப்போயிட்டான். நல்லவன்தான், குறை சொல்லக்கூடாது. பிழைக்கத் தெரியாதவன், அவ்வளவுதான்.

எனக்கே முதல்ல தெரியல சார். லால்குடி பக்கம் பொறந்து, திருச்சியில எம்.காம்., அப்புறம் முனைவர் பட்டம்னு வாசிக்கறா, எனக்கும் அதேதானே. தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிட்டிருக்கேன். "இவரிடம் ஒன்பது பேர் முனைவர் பட்டம் பெற்றுள்ளனர்"னா. எனக்குச் சுரீர்னுச்சு. முப்பத்திநாலு சார் என் கணக்கு. ஒரு மாவட்டத்துக்கு ஒரு ஆளுன்னு வெச்சாக்கூட தமிழ்நாடு மொத்தமும் போட்டு நெருங்கிடும். முப்பத்திநாலு எங்க, ஒன்பது எங்க? பொறாமை பிடிச்ச எவனோ குறைச்சு எழுதிட்டான்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அடுத்து ஆய்வு ஆர்வங்கள்னு ஆரம்பிச்சா. அப்பத்தான் விளங்குச்சு.

நீங்க சீட்டு கட்டறதுண்டா? உங்க ஊர்ப்பக்கம் சீட்டு இல்லாத தெரு ஏது. அப்ப நான் சொல்றது புரியும், இருந்தாலும் விளக்கிடறேன். இருபது பேர் மாசாமாசம் பணம் போடறாங்க. சேர்ந்த பணத்தை ஏலம் விடறாங்க. அதிகமாத் தள்ளிக் கேக்கறவனுக்கு, அதாவது எனக்கு இவ்வளவு குறைச்சே குடுங்க, ஆனா இப்பவே குடுங்கன்னு கேக்கறவனுக்கு அந்த மாசப் பணம். அவன் விட்டுக்குடுத்ததை மத்தவங்க பங்கு போட்டுக்குவாங்க. எங்க புத்தகத்துல என்ன போட்டிருக்குன்னா, ஏலத்துல அவனவன் தன் லாபத்தைத்தான் பாப்பான், போட்டி போட்டுத்தான் கேப்பான். இந்த இருதயசாமி இருக்கானே, அது நிஜமான்னு பாக்கறேன்னு கிளம்பிட்டான். ஹாஸ்டல்ல இருந்தப்போ ஆரம்பிச்சு பதினோரு வருஷம். நாமக்கல்லு, ராசிபுரம், பரமத்தி, எங்க சீட்டு ஏலம் நடந்தாலும் போய் ஒரு மூலையில உக்காந்துக்குவான். லாரிப் பட்டறை, இட்லிக்கடை மாடி, ரேஷன் கடைத் திண்டு, ஒரு இடம் பாக்கி கிடையாது. கேள்விப் படிவமும் கிடையாது, புள்ளிவிவரமும் கிடையாது. என்னடா பண்றேன்னா, யார் கேக்காம இருக்காங்கன்னு பாக்கறேன்டாம்பான். பாருங்க, ஏலத்துல கேக்கறவனைப் பாக்காம, கேக்காதவனைப் பாக்கறவன். இதுக்குப் பேரு ஆராய்ச்சியாம்.

என் ஆய்வு அப்படி இல்ல சார், காலத்துக்குத் தக்க மாதிரி போகும். முதல்ல வங்கி வாடிக்கையாளர் மனநிறைவு. லால்குடி வட்டத்துல ஒண்ணு, மணப்பாறை வட்டத்துல ஒண்ணு, அப்படியே துறையூர் வரைக்கும். கேள்வி ஒண்ணுதான், ஊர் பேரு மட்டும் மாறும். அப்புறம் மியூச்சுவல் ஃபண்டு விழிப்புணர்வு, ஜி.எஸ்.டி. விழிப்புணர்வு, போன்ல பணம் அனுப்பறது, கிரிப்டோ. இப்ப செயற்கை நுண்ணறிவு. எது ஓடுதோ அதுல நான் இருப்பேன். பல்கலைக்கழகத்துல என்னை வெச்சுத்தான் குழு போடுவாங்க. அடுத்த மாசம் இதே காலேஜுக்கு எம்.பி.ஏ. குடுக்கலாமா வேண்டாமான்னு பாக்கற குழுவுலகூட நான் இருக்கேன். தாளாளர் எதுக்கு என் வாயையே பாத்துக்கிட்டு நிக்கறார்னு நினைச்சீங்க?

சரி, கதைக்கு வர்றேன். "ஏலச்சீட்டுக் கூட்டங்களில் பதினோரு ஆண்டுகள் மக்களோடு மக்களாக அமர்ந்து ஆய்வு செய்தவர்"னு வாசிச்ச இடத்துல அவ குரல் தடுமாறுச்சு. நிறுத்திட்டு என்னைத் திரும்பிப் பாத்தா. அவளுக்கும் அப்பத்தான் புரிஞ்சிருக்கு, போன வருஷம் அவ அங்கேயே இருந்தவதானே. கூட்டம் பூரா காத்துக்கிட்டிருக்கு. நான் என்ன பண்ணுவேன்? மேடையில எந்திரிச்சு, இது நான் இல்ல, செத்துப்போனவன்னு சொல்றதா? காலேஜ் மானம் என்ன ஆகறது? அதனால அவளைப் பாத்து, படிம்மான்னு தலையை ஆட்டினேன். பெருந்தன்மையாத்தான் ஆட்டினேன். அவ படிச்சு முடிச்சா. கைதட்டு பாருங்க, அப்படி ஒரு கைதட்டு. எத்தனையோ மேடை ஏறியிருக்கேன், முப்பத்திநாலுக்கு ஒரு நாளும் இப்படித் தட்டினதில்ல.

எனக்கு அங்கேயே ஒரு எரிச்சல், மறைக்காம சொல்றேன். சீட்டுக் கூட்டத்துல சும்மா உக்காந்துட்டு வந்ததுக்கு இவ்வளவு தட்டா? அதை ஊருக்குச் சொன்னது யாரு? நான். இருதயசாமி ஹாஸ்டல்ல வந்து கதை கதையாச் சொல்லுவான், நான் எழுதுவேன். அவனுக்கு இங்கிலீஷ்ல ரெண்டு பக்கம் சேர்ந்தாப்ல எழுத வராது. நான்தான் உக்காந்து கட்டுரை ஆக்கினேன், பம்பாயிலேர்ந்து வர்ற பத்திரிகையில போட்டாங்க. என் பேர்லதான் வந்துச்சு. எழுதினவன் பேரைத்தானே சார் போடணும்? கேட்டவன், பாத்தவன் எல்லாம் பேர் போட்டுக்கணும்னா நாட்டுல இடம் பத்துமா?

அந்தக் கட்டுரையை வெச்சுத்தான் எனக்குப் பல்கலைக்கழக வேலை கிடைச்சுது. ஒரே ஒரு இடம். நேர்முகத்துக்கு அவனும் வந்திருந்தான். சீட்டு ஏலத்தைப் பத்தி அவன்கிட்டதான் முதல்ல கேட்டிருக்காங்க. அவன் என்ன சொல்லியிருக்கான் தெரியுமா? "தணிகாசலம் அதைப் பத்தி நல்லா எழுதியிருக்கார், அவரைக் கேளுங்க"ன்னுட்டு வாயை மூடிட்டானாம். குழுவுல இருந்தவரே பின்னாடி என்கிட்ட சொல்லிச் சிரிச்சார். அவனுக்கே தெரிஞ்சிருக்கு, யாருக்குத் தகுதின்னு. அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டலுக்கு வந்து, "அப்பாவை இனிமே நல்ல ஆஸ்பத்திரியா பாத்துச் சேத்துடுடா"ன்னான். எங்கப்பா அப்ப படுத்த படுக்கையா இருந்தார், தங்கச்சிக்கு வேற மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருந்தோம், அதெல்லாம் அவனுக்குத் தெரியும். அப்புறம் அவன் ஏதோ ஒரு சின்ன ஊர்க் காலேஜுக்குப் போய்ச் சேர்ந்துட்டான். கட்டுரையில ஏன்டா என் பேர் இல்லன்னு சாகற வரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா நல்லா பதில் வெச்சிருந்தேன்.

என்ன சார், ஜன்னல் காத்து ஜாஸ்தியா இருக்கா? மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கறீங்களே. சரி சரி.

எனக்குப் பேச வேண்டியது செயற்கை நுண்ணறிவு. தட்டின தட்டைப் பாத்துட்டு, இதை விட்டுட்டு எதுக்கு அதைப் பேசணும்னு சீட்டையே எடுத்துக்கிட்டேன். கூட்டத்தைப் படிக்கத் தெரியணும் சார், அதுதான் அனுபவம். பேசி முடிச்சதும் ஒரு பையன் எந்திரிச்சு, ஐயா நீங்க நேர்ல பாத்த ஒரு ஏலத்தைச் சொல்லுங்களேன்னான். நான் எங்க பாத்தேன்? அந்தப் புழுக்கத்துல, வேர்வை நாத்தத்துல போய் உக்கார எனக்கு என்ன தலையெழுத்தா? ஆனா இருதயசாமி சொன்னது ஒண்ணு மனசுல இருந்துச்சு. அதை எடுத்து, நான் போயிருந்தப்போன்னு ஆரம்பிச்சேன்.

பரமத்திப் பக்கம் ஒரு லாரிப் பட்டறை மாடி. ஐப்பசி மாசம், தீபாவளி கிட்டக்க வருது, எல்லாருக்கும் பணம் வேணும். மகளுக்குக் கல்யாணம் வெச்சுக்கிட்டு ஒரு அம்மா, இந்த மாசம் எப்படியும் எடுத்துடணும்னு வந்திருக்காங்க. பட்டறையில வெல்டிங் அடிக்கற சின்னராசுன்னு ஒருத்தன் படி ஏறி வர்றான். அவன் பொண்டாட்டி சேலம் ஆஸ்பத்திரியில கிடக்கறா, எல்லாருக்கும் தெரியும், ஆனா யாரும் அதைப் பத்திப் பேசல. ஏலம் ஆரம்பிக்குது. சின்னராசு ஒரு சின்னத் தொகையைத் தள்ளிக் கேக்கறான். சீட்டு நடத்தறவர் ஒரு தரம்னார். ஒருத்தரும் கேக்கல. ஒருத்தர் காத்தாடியைப் பாக்கறார். ஒருத்தர் தன் செருப்பைப் பாக்கறார். ரெண்டு தரம். கல்யாணத்துக்கு எடுக்க வந்த அந்தம்மா முந்தானையை எடுத்து வாயில வெச்சு அழுத்திக்கிட்டு உக்காந்திருக்காங்க. மூணு தரம். பணம் கிட்டத்தட்ட முழுசா சின்னராசுவுக்குப் போயிடுச்சு. கீழ இறங்கும்போது எல்லாரும் மழையைப் பத்திப் பேசிக்கிட்டே போனாங்க. யாரும் யாருக்கும் நன்றி சொல்லல. வாயைத் தொறந்தா தனக்குக் கிடைக்கும்னு தெரிஞ்சும் மூடிக்கிட்டவங்க அவங்க, அவங்களுக்கு எந்தப் புத்தகத்துலயும் இடம் இல்லைன்னு இருதயசாமி சொல்லுவான். மேடையில, நான் சொல்றேன்னு சொன்னேன்.

சொல்லி முடிச்சேன் பாருங்க, அரங்கமே அமைதி. ஒரு கைதட்டு இல்ல. பின் வரிசையில மூணாம் வருஷப் பசங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கறாங்க, தலையைக் குனிஞ்சுக்கறாங்க. ஒரு பொண்ணு கண்ணைத் துடைச்சுக்கிட்டா. காலையில தட்டினதைவிட இந்த அமைதிதான் சார் எனக்குப் பெரிசு. பேச்சால ஒரு கூட்டத்தைக் கட்டிப்போடறதுன்னா என்னன்னு இன்னிக்கு அவங்க பாத்திருப்பாங்க. அப்படித்தான் நினைச்சேன்.

சாப்பாட்டு நேரத்துல இந்த ரேணுகா வந்தா. இலைக்கு முன்னாடி வந்து நிக்கறா. "சார், காலையில நான் பாக்காம வாசிச்சுட்டேன், அது இருதயசாமி சாரோடது. சாயந்தரம் நிறைவு விழாவுல சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கறேன்"னா. பக்கத்துல தாளாளர் உக்காந்திருக்கார், அவர் முகத்துல ஈயாடல. என்னம்மா பண்ணித் தொலைச்சேன்னு அவளைப் பிடிச்சுக்கிட்டார். இன்னும் ஒப்பந்தத்துல இருக்கற பொண்ணு, நிரந்தரம்கூட இல்ல. நான் நடுவுல புகுந்தேன். இதை நல்லா கேட்டுக்கங்க, அவ வேலையைக் காப்பாத்தினதே நான்தான். "விடுங்க சார், அந்தப் பொண்ணு ஒண்ணும் தப்பா வாசிக்கல. வாசிச்சது அத்தனையும் என்னோடதுதான்"னு சொன்னேன். வேற எந்த மனுஷன் சொல்லுவான்? தாளாளர் மூச்சு விட்டார். அவளைப் பாத்து, நன்றி சொல்லிட்டுப் போம்மான்னார். அவ நன்றி சொல்லல. என்னையே பாத்துக்கிட்டு நின்னா. சாப்பாட்டுல விழுந்த பூச்சியைப் பாக்கற மாதிரி பாத்தா. எனக்கு அப்புறம் பாயசம் இறங்கல.

சாயந்தரம் நிறைவு விழா. இந்தக் கேடயத்தைக் குடுத்தாங்க, பொன்னாடை போத்தினாங்க. அடுத்து சான்றிதழ் குடுக்கணும். அதுக்குள்ள இவ மைக் கிட்ட வந்துட்டா. பத்து வரிகூட இருக்காது. "காலையில நான் வாசித்தது மறைந்த பேராசிரியர் இருதயசாமியின் வாழ்க்கை. கவனிக்காமல் வாசித்தது என் தவறு, மன்னியுங்கள்"னா. அதோட நிறுத்தியிருந்தா நானே விட்டிருப்பேன் சார். அடுத்துச் சொன்னா பாருங்க: "பரமத்தி ஏலத்தையும் பார்த்தவர் அவர்தான். போன வருஷம் இதே மேடையில் அவர் சொல்லி நாம் எல்லோரும் கேட்டோம். மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு ஞாபகம் இருக்கும்."

எனக்கு எப்படி சார் தெரியும், அந்த மடையன் போன வருஷம் இதே கதையை இதே இடத்துல சொல்லித் தொலைச்சிருப்பான்னு?

அருவருப்பா இருக்கு சார், நினைச்சாலே. என்னைப் பத்தி இல்ல, அவங்களைப் பத்திச் சொல்றேன். இத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்கு. அந்த மூணாம் வருஷப் பசங்களுக்கு, டீச்சருங்களுக்கு, எல்லாருக்கும். நான் சொல்லிக்கிட்டிருக்கும்போதே தெரிஞ்சிருக்கு. ஒருத்தனாவது எந்திரிச்சு, சார் இது கேட்ட கதைன்னு சொல்லியிருந்தா சமாளிச்சிருக்க மாட்டேனா? பெரியவர் மேடையில அசிங்கப்படக்கூடாதுன்னு மூடிக்கிட்டு இருந்தாங்களாம். தாளாளரே அப்படித்தான் சொல்றார். சீ, இதுவும் ஒரு மரியாதையா?

கீழ இறங்கி வந்து போர்ட்டிகோவுல நிக்கறேன். பக்கத்துலயே ஆள் ஆளா போறாங்க, வர்றாங்க. திட்டினா திருப்பித் திட்டலாம். ஒருத்தர் நாக்கு மேல பல்லைப் போட்டு ஒரு வார்த்தை பேசல. டிரைவரைக் கூப்பிட்டா உடம்பு சரியில்லைங்கறான். காலையில கல்லு மாதிரி இருந்தவன், அரங்கத்துக் கடைசியில உக்காந்து எல்லாத்தையும் கேட்டிருக்கான் போல. தாளாளர் ஓடிவந்து, வேற கார் சொல்றேன், உக்காருங்கன்னார். அந்த இடத்துல இன்னொரு நிமிஷம் நான் உக்காருவேனா? விடுவிடுன்னு ரோட்டுக்கு வந்துட்டேன். அவரும் கூடவே ஓடிவந்தார். அவளைக் கூப்பிட்டு உங்க கால்ல விழச் சொல்றேன்னார். அங்கேயே போன் போட்டு அவளைக் கேட்டா, காலையில வாசிச்சதுக்கு எத்தனை தடவை வேணும்னாலும் மன்னிப்புக் கேக்கறேன், சாயந்தரம் சொன்னதுக்குக் கேக்கமாட்டேன்னுட்டாளாம். அவ சம்பளத்துலதான் வீடு ஓடுதாம், அப்பனுக்குப் பக்கவாதமாம், படுத்த படுக்கையாம். தாளாளர் அதையும் என் காதுல போடறார். யார் வீட்டுல சார் நோயாளி இல்ல? நோயாளியைக் காட்டி வேலை வாங்கற காலமா இது?

இது தொட்டியம்தானே? அப்ப இன்னும் கொஞ்ச தூரம்தான். கூப்பிடல பாருங்க இன்னும். நானும் யோசிக்காம இல்ல. சின்னப் பொண்ணு, எடுக்காமயே விட்டுடலாம், அதுபாட்டுக்கு அடிச்சு ஓயட்டும்னு ஒரு மனசு சொல்லுது. இருதயசாமியா இருந்தா அப்படித்தான் விட்டிருப்பான். அதான் கடைசி வரைக்கும் அந்தச் சின்ன ஊர்லயே கிடந்தான்.

நீங்க என்ன சொல்றீங்க? அந்தக் கேடயத்தை இறுக்கிப் பிடிக்காதீங்க, கண்ணாடி. சொல்லுங்க, தயங்காம…

இருங்க, இருங்க. அவர்தான்.

ஹலோ. ஆமா சார், தணிகாசலம்தான். பஸ்லதான், பரவால்ல. இல்ல இல்ல, நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கறீங்க. ம். ம். அது தெரியும் சார், அப்பா விஷயம் சொன்னீங்களே. பாவம்தான், நான் இல்லைங்கல. ஆனா ஒழுக்கம்னு ஒண்ணு இருக்கில்ல? இன்னிக்கு எனக்கு, நாளைக்கு உங்களுக்கு. ஆமா. ஆமா சார், யோசிச்சுத்தான் சொல்றேன். அவளை வேலையிலேர்ந்து எடுத்துடுங்க. இன்னிக்கே. எம்.பி.ஏ. விஷயம் நான் பாத்துக்கறேன், அதை விடுங்க. சரி சார். வெச்சுடறேன்.

முடிஞ்சுது. மனசு இப்பத்தான் லேசாச்சு. ரெண்டு பழம் எடுத்துக்கங்க சார், ஆப்பிள் நல்லா இருக்கு, எனக்கு எதுக்கு இவ்வளவு.

என்ன எந்திரிச்சுட்டீங்க? முசிறி இன்னும் வரலையே. நடு ரோட்டுல போய்க்கிட்டிருக்கு. கேடயத்தை ஏன் வெச்சுட்டீங்க, சரிஞ்சு விழுந்துடும். சார், எங்க போறீங்க? முன்னாடி இடமே இல்ல, எல்லாம் ஆளு இருக்கு. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறதுக்கா போனீங்க?

கண்டக்டர், அவர் முசிறிதானே டிக்கெட் வாங்கினார்? கேக்கறேன்ல, சொல்லுங்க. என்ன எல்லாரும் அப்படிப் பாக்கறீங்க? நான் என்ன சத்தமாவா பேசினேன்? ஒருத்தராவது வாயைத் தொறந்து சொல்லுங்களேன், நான் பண்ணினது சரியா தப்பான்னு.

சார். கோழிப்பண்ணை சார். நிக்காதீங்க, கால் வலிக்கும். வந்து உக்காருங்க, இங்க இடம் காலியாத்தானே இருக்கு.